அழைப்பா, வார்ப்பா? ஜெர்மானிய மொழிகளில் ‘காட்’ என்ற சொல்லின் மூலம்

வானத்தையும் ஒளியையும் குறித்த ஒரு பழைய வேரிலிருந்துதான் சமஸ்கிருதத்தின் ‘தேவ’, லத்தீனின் ‘தேயுஸ்’, லிதுவேனிய மொழியின் ‘தியேவாஸ்’ ஆகிய மூன்றும் வந்தன. ஜெர்மானிய மொழிகளுக்கும் அந்தச் சொல் கிடைத்திருந்தது. ஆனால் அங்கே அது தெய்வத்தின் பொதுப்பெயராக நிலைக்கவில்லை. பெரும்பாலும் ஒரே ஒரு தெய்வத்தின் தனிப்பெயராகச் சுருங்கிப்போனது. நார்ஸ் புராணங்களின் ‘தீர்’ அந்தத் தெய்வம். ஆங்கிலேயர் ‘டீவ்’ என்று வழங்கிய அவன் பெயர் இன்றும் ‘டியூஸ்டே’ என்ற செவ்வாய்க்கிழமையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பொதுப்பெயரின் இடத்தைப் பிடித்தது வேறொரு சொல். ஆங்கிலத்தில் அது ‘காட்’, ஜெர்மனில் ‘கொட்’, ஸ்வீடிஷிலும் டேனிஷிலும் ‘குட்’. கோதிக் மொழி விவிலியத்தில் ‘குத்’.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, முதலில் எதைக் குறித்தது என்ற கேள்விக்கு இடைக்காலத்திலிருந்தே விடை சொல்லிவருகிறார்கள். பல விடைகள் உதிர்ந்துவிட்டன. எஞ்சி நிற்பவை இரண்டு: ‘அழைக்கப்பட்டது’ என்பது ஒன்று, ‘வார்க்கப்பட்டது’ என்பது மற்றொன்று. இரண்டுக்கும் சான்று தேடுவோர் கடைசியில் வந்து நிற்கும் இடம் வேதச் சமஸ்கிருதம். ஓமம், ஆகுதி, அவி என்று தமிழிலும் புழங்கும் சொற்கள் அந்த வழக்கில் சாட்சி சொல்ல வருகின்றன.

உதிர்ந்த விடைகள்

முதலில் உதிர்ந்தது, மக்கள் மனத்தில் இன்றும் வாழும் விடை: ‘காட்’ என்றால் ‘குட்’, அதாவது நல்லவன். பழைய ஆங்கிலச் சுவடிகளில் இரண்டு சொற்களையும் ஒரே எழுத்துகளால் எழுதினார்கள். அதனால் இந்த எண்ணத்துக்கு வலு கிடைத்தது. ஆனால் எழுத்து ஒன்றாயினும் ஒலி ஒன்றன்று. தெய்வத்துக்குக் குறில், நல்லதற்கு நெடில். கோதிக், நார்ஸ், ஜெர்மன், டச்சு என எல்லாக் கிளைகளிலும் இந்த இரு சொற்களின் உயிரொலிகள் தனித்தனியாகவே வருகின்றன. ஒரு மொழியில் தற்செயலாக நெருங்கிய இரண்டை மூலத்திலும் ஒன்று என்று சொல்ல முடியாது.

பாரசீகத்தின் ‘குதா’ அடுத்தது. ‘குதா ஹாபிஸ்’ என்று விடைபெறுவதைக் கேட்ட காதுக்கு இந்த ஒற்றுமை உடனே படும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்க ஒப்பீடுகளிலும் இது இடம்பெற்றது. ஆனால் பாரசீகச் சொல்லின் முதலொலி ‘ஸ்வ’ போன்ற ஒரு பழைய கூட்டொலியிலிருந்து வந்தது. ‘தலைவன்’ என்ற பொருளில் நடுப்பாரசீகத்தில் அது ‘க்வதாய்’. ஜெர்மானியச் சொல்லின் முதலொலி அந்த வழியில் வந்திருக்க முடியாது.

வோடன் என்ற தெய்வத்தை லாங்கோபார்டுகள் ‘கோதன்’ என்று அழைத்தார்கள் என 8ஆம் நூற்றாண்டில் பவுலுஸ் தியாகோனுஸ் எழுதினார். அதைக் கொண்டு பொதுப்பெயரே அவனிடமிருந்து வந்தது என்றார்கள். இத்தாலியில் ‘வ’ ஒலி ‘க்வ’ ஆனதன் விளைவு அது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கோத் இனத்தின் பெயரோடு முடிச்சுப்போடும் கருத்து இவற்றைவிடச் சற்றுக் கவனத்துக்கு உரியது. அந்த இனப்பெயர் ‘வார்’ என்று பொருள்படும் வினையோடு உறவுடையது என்று பலர் கருதுகிறார்கள். நம் சொல்லும் அதே வினையின் தூரத்து உறவாக இருக்கலாம். ஆனால் கோத் இனப்பெயரில் உள்ளது ‘பட்டம்’ என்பதில் வருவதுபோன்ற வல்லொலி. தெய்வப்பெயரில் அது இல்லை. ஒரு பாட்டிக்கு இரு பேத்திகள் என்று வேண்டுமானால் சொல்லலாம், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல இடமில்லை.

ஒலிவிதிகள் எதுவரை கொண்டுபோகும்?

எல்லா ஜெர்மானிய வடிவங்களையும் ஒன்றாக வைத்துப் பின்னோக்கிப் போனால் ‘குத’ என்ற தண்டு கிடைக்கிறது. ‘சங்கம்’ என்பதில் வரும் ககரத்தையும் ‘பந்தம்’ என்பதில் வரும் தகரத்தையும் போல மெலிந்து ஒலித்த வடிவம் அது. உகரம் குறில்.

இதற்கு முன்னே போக இரண்டு விதிகள் உதவுகின்றன. யாக்கோப் கிரிம் பெயரால் வழங்கும் விதிப்படி, இந்த ஜெர்மானியக் ககரம் ஒரு பழைய மூச்சொலி கலந்த ககரத்திலிருந்து வந்தது. அந்த ஒலியின் ஒரு வகை சமஸ்கிருதத்தில் ‘ஹ’ ஆகும். அங்கே ‘ஹம்ஸ’, ஜெர்மனில் வாத்தினப் பறவைக்குக் ‘கான்ஸ்’ என்பது இந்தப் பொருத்தத்துக்குத் தெளிவான சான்று. இரண்டாவது, டேனிய அறிஞர் கார்ல் வெர்னர் 1870களில் கண்டறிந்த விதி. பழைய தகரம் ஜெர்மானியத்தில் மெலிய வேண்டுமானால் அழுத்தம் அதற்கு முந்தைய அசையில் விழுந்திருக்கக் கூடாது. ஆகவே நம் சொல்லில் அழுத்தம் ஈற்றில் இருந்தது என்று தெரிகிறது. ஈற்றழுத்தத்தோடு வரும் இந்தத் தகர விகுதி செயப்பாட்டுப் பொருளுக்கு உரியது. ‘செய்யப்பட்டது’, ‘கொடுக்கப்பட்டது’ என்பதைப் போல.

இதுவரை ஐயமில்லை. எது செய்யப்பட்டது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. சமஸ்கிருதத்தில் இதற்கு நிகராக இரண்டு வடிவங்கள் இருக்கின்றன: ‘ஹூத’ என்றால் அழைக்கப்பட்டது, ‘ஹுத’ என்றால் வார்க்கப்பட்டது, அதாவது வேள்வியில் சொரியப்பட்டது. இரண்டையும் பிரிப்பது உகரத்தின் ஒரு மாத்திரை.

அழைக்கப்பட்டவர்கள்

இரண்டில் நெடுங்காலம் முன்னிலையில் நின்றது அழைப்பு. ரிக்வேதத்தில் இந்திரனுக்கு ‘புருஹூத’ என்ற அடைமொழி உண்டு. பலராலும் அழைக்கப்படுபவன் என்று பொருள். தமிழிலும் புருகூதன் என்பது இந்திரனின் பெயர். தெய்வத்தைப் பற்றி இதே வினையின் இதே எச்சவடிவம் வருவதால், ஒப்பீடு எளிதில் மனத்தில் பதிந்தது. அவெஸ்தா மொழியிலும் ஸ்லாவிய மொழிகளிலும் இந்த வினை உயிரோடு இருக்கிறது. பழைய ஐரிஷ் மொழியில் ‘குரல்’ என்று பொருள்படும் சொல்லையும் இதே வேரோடு சேர்ப்பார்கள்.

பொருளும் இயல்பாகவே அமைகிறது. நெருக்கடியில் யாரைக் கூப்பிடுகிறோமோ அவரே தெய்வம். கூடுதலாக எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

குறைகள் இரண்டு. அழைத்தல் என்ற இந்த வினை ஜெர்மானிய மொழிகளில் வேறெங்கும் உறுதியாகத் தென்படவில்லை. தாய்வினை அழிந்து அதன் எச்சம் மட்டும் தங்கியது என்று கொள்ளவேண்டும். நடக்கக்கூடியதுதான், ஆனால் அது கூடுதலான ஓர் அனுமானம். மற்றது ஒலி. அழைப்பின் வேரில் ஒரு குரல்வளை மெய் இருந்தது. சமஸ்கிருதத்தில் உகரம் நீண்டதற்கு அதுவே காரணம். அப்படியானால் ஜெர்மானியத்திலும் ‘கூத’ என்ற நெடில் வந்திருக்க வேண்டும். வந்திருப்பதோ குறில்.

வார்க்கப்பட்டது

வார்த்தல் வினைக்கு ஜெர்மானியத்தில் சொந்த வீடே இருக்கிறது. சிறிது நீட்சி பெற்ற வடிவத்தில் கோதிக்கில் ‘கியுதன்’, ஜெர்மனில் ‘கீசன்’, டச்சில் ‘கீதன்’. மூன்றுக்கும் பொருள் ஊற்றுவது. கிரேக்கத்தின் ‘கெயோ’, லத்தீனின் ‘ஃபுந்தோ’ ஆகியவை உறவினர். சமஸ்கிருதத்தில் இந்த வினை சடங்கு சார்ந்ததாகவே ஒடுங்கியது. ஹோமம், ஆஹுதி, ஹவிஸ் எல்லாம் அதன் கிளைகள். ஹவிஸ் தமிழில் அவி ஆனது. அவியைத் தமிழர் ‘சொரிந்தார்கள்’ என்பது வேரின் பழம்பொருளுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது!

குறில் உகரம் இங்கே தடையின்றிப் பொருந்துகிறது. ஆனால் ‘வார்க்கப்பட்டது’ எப்படித் தெய்வம் ஆகும்? வார்க்கப்படுவது நெய்யோ மதுவோ. தெய்வம் அதைப் பெறுவது அல்லவா? இதற்கு மூன்று விளக்கங்கள் தரப்பட்டன.

உலோகத்தை உருக்கி வார்த்த சிலை என்பது முதலாவது. ஹென்றி பிராட்லியின் பொறுப்பில் உருவான ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பகுதி இக்கருத்தைக் குறிப்பிட்டுவிட்டு, நம்பத்தக்கதன்று என்று ஒதுக்கியது. ஒதுக்கியது சரியே. ஜெர்மானியர் தெய்வங்களைச் சுவர்களுக்குள் அடைப்பதையும் மனித முகத்தில் வடிப்பதையும் தகாததாகக் கருதினர் என்று கி.பி. 98இல் தாசிதுஸ் எழுதினார். அதை அப்படியே ஏற்க முடியாது என்றாலும், வட ஜெர்மனியில் பிராக் என்னும் ஊரின் சதுப்பில் கிடைத்த கி.மு. காலத்து உருவங்களைப் பாருங்கள். ஆளைவிட உயரமான அவை கவைக்கிளைகளைச் செதுக்கிச் செய்தவை. கிளை பிரியும் இடமே கால்களாகிவிட்டது. அவற்றைச் செய்த கைகளுக்கு வேண்டியிருந்தது உளியும் மரமும்; உலை அன்று.

ஹார்வர்டு அறிஞர் கால்வர்ட் வாட்கின்ஸ் சொன்னது இன்னும் துணிச்சலானது. ஹோமரின் காவியத்தில் இறந்தவர்மேல் குவித்த மண்ணை ‘வார்க்கப்பட்ட மண்’ என்று குறிப்பிடும் தொடர் உண்டு. அதை வைத்து, ஜெர்மானியச் சொல் முதலில் புதைமேட்டில் உறையும் ஆவியைக் குறித்திருக்கலாம் என்றார். வடக்கு ஐரோப்பாவில் முன்னோர் மேடுகளுக்கு மதிப்பு இருந்தது மெய். ஆனால் மேட்டுக்கு அங்கே வேறு சொல் இருக்கிறது. நம் சொல் மேட்டைக் குறித்ததற்குத் தடயமில்லை. கிரேக்கக் கவிதைத் தொடர் ஒன்றின்மேல் இவ்வளவு பாரம் ஏற்றுவது என் மதிப்பீட்டில் மிகை.

மூன்றாவது விளக்கமே வலுவானது: ‘எதற்கு வார்க்கப்பட்டதோ அது’. செயப்பாட்டு எச்சம் பெறுபவரைக் குறிக்குமா என்ற ஐயத்துக்கு ரிக்வேதமே விடை தருகிறது. அங்கே அக்னியை ‘ஆஹுத’ என்று அழைப்பார்கள். சொரியப்பட்டது நெய்; ஆனாலும் அடைமொழி போய்ச் சேர்வது சொரியப்பெற்ற அக்னியிடம். ‘புருஹூத’ அழைப்புக்குச் சாட்சி என்றால், ‘ஆஹுத’ வார்ப்புக்குச் சாட்சி. முதல் சாட்சியையே பலர் மேற்கோள் காட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சடங்குச் சான்றும் ஓரளவு உண்டு. போப்பியோவின் யோனாஸ் 7ஆம் நூற்றாண்டில் எழுதிய புனித கொலும்பானுஸ் வரலாற்றில், இன்றைய ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் வட்டாரத்தில் சுவேபியர் ஒரு பெரிய பீர்த் தொட்டியைச் சுற்றிக் கூடியிருக்கும் காட்சி வருகிறது. வோடனுக்குப் படைக்கப் போகிறோம் என்கிறார்கள். துறவி ஊதியதும் தொட்டி வெடிக்கிறது. அற்புதம் கதைமரபு, ஆனால் தொட்டியும் பீரும் அந்த ஊர்க்காரர் அன்றாடம் கண்டவையாகவே தோன்றுகின்றன. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி, நார்வேயின் ஹ்லாதிர் விருந்தை வருணிக்கையில் வோடனின் நார்ஸ் வடிவமான ஓடினுக்கு முதல் கோப்பை, பிறகு நியோர்து, ஃப்ரேய்ர் ஆகிய தெய்வங்களுக்கு என்று எழுதினார். அவர் கிறிஸ்தவர், அந்தச் சடங்கு மறைந்து பல தலைமுறை கழித்து எழுதியவர். அவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே ஒற்றுமை இல்லை.

ஒரு மாத்திரையின் வழக்கு

குறில் இருப்பதால் வார்ப்பு வென்றது என்று முடித்துவிடலாமா? முடியாது. 1961இல் ரஷ்ய மொழியியலாளர் விளாதிமீர் திபோ, கெல்திய, இத்தாலிய மொழிகளில் அழுத்தத்துக்கு முந்தைய அசையில் நெடில் குறுகுவதாக ஒரு விதியை முன்வைத்தார். ஜெர்மானியத்துக்கும் அது பொருந்தும் என்று பிறகு பலர் வாதிட்டார்கள். எடுத்துக்காட்டுகள் வலுவானவை. சமஸ்கிருதத்தில் மகன் ‘ஸூனு’, நெடில். கோதிக்கில் ‘ஸுனுஸ்’, குறில். சமஸ்கிருதத்தில் ‘வீர’, லத்தீனில் ‘விர்’, பழைய ஆங்கிலத்தில் ‘வெர்’, இரண்டிலும் குறில். ஓநாய்மனிதனைக் குறிக்கும் ‘வேர்வுல்ஃப்’ என்ற சொல்லின் முற்பாதி இந்த ‘வெர்’தான் என்பர்.

நம் சொல்லில் அழுத்தம் ஈற்றில் இருந்தது என்று வெர்னர் விதி ஏற்கெனவே காட்டிவிட்டது. அதாவது குறுக்கம் நடக்கத் தேவையான சூழல் அப்படியே இருக்கிறது. ‘கூத’ குறுகிக் ‘குத’ ஆகியிருக்கலாம். விகுதியை அடையாளம் காட்டிய அதே அழுத்தம், வேரை அடையாளம் காட்டும் தடயத்தை அழித்திருக்கக்கூடும்.

மறுபக்கம், இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. ‘தூமம்’ என்று நாம் அறிந்த சொல்லின் லத்தீன் உறவு ‘ஃபூமுஸ்’. ஈற்றழுத்தச் சொல்லாக இருந்தும் அதில் நெடில் குறையவில்லை. எப்போது குறுகும், எப்போது குறுகாது என்று முழுமையாக வரையறுக்கும்வரை, குறிலை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுத முடியாது.

யாஸ்கரின் மேசையிலும் இதே கேள்வி

இந்த ஐயம் ஐரோப்பியர் கண்டுபிடித்தது அன்று. ரிக்வேதத்தின் முதல் சூக்தத்தில் அக்னி ‘ஹோத்ரு’ எனப்படுகிறான். இந்தச் சொல்லுக்கு மூலம் எது? வேதச் சொற்களின் மூலத்தை ஆராயும் நிருக்தம் என்னும் நூலின் ஏழாம் அத்தியாயத்தில் அதன் ஆசிரியர் யாஸ்கர், அழைப்பவன் என்று பொருள் கூறுகிறார். அடுத்தபடியாக, வேள்வியில் சொரியும் வினையிலிருந்து வந்தது என்பது ஔர்ணவாபரின் கொள்கை என்று பதிவுசெய்கிறார். கிறிஸ்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே, அழைப்பா வார்ப்பா என்ற அதே வழக்கு, அதே இரு வேர்களுக்கிடையே நடந்திருக்கிறது!

சடங்குநிலையில் ஹோத்ரு மந்திரம் சொல்பவர். நெய் சொரிவது அத்வர்யு. அதனால் யாஸ்கரின் விளக்கம் நடைமுறைக்கு ஒத்தது. சொல் வடிவமோ சொரிதலுக்கும் இடம்தருகிறது. ஒலியில் நெருங்கிய இரு வேர்கள் ஒரே வழிபாட்டில் அருகருகே புழங்கினால், பேசுவோர் மனத்திலேயே அவை கலந்துவிடக்கூடும். ஜெர்மானியரின் முன்னோர் பேச்சிலும் அப்படி நேர்ந்திருந்தால், ‘இரண்டில் எது’ என்று கேட்பதே ஓரளவுக்கு நம் வசதிக்கான கேள்வியாகிவிடும்.

பால் மாறிய சொல்

மூலம் எதுவானாலும், சொல்லின் முற்கால வாழ்வைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடிய செய்தி ஒன்று இருக்கிறது. அது ஆண்பாற்சொல் அன்று, நபுஞ்சகம். நார்ஸ் மொழியில் பழைய தெய்வங்களைப் பன்மையில் நபுஞ்சகமாகவே சொன்னார்கள். தேவர், தேவியர் எல்லோரையும் ஒருசேர அடக்கும் கூட்டுப்பெயர் அது. அதே மொழியில் தெய்வங்களுக்கு வழங்கிய வேறு சில பெயர்களும் இப்படியே: ‘ரெகின்’ என்றால் ஆளும் ஆற்றல்கள், ‘போந்த்’ என்றால் கட்டுகள்.

கிறிஸ்தவம் வந்ததும் சொல் ஆண்பாலுக்கு நகர்ந்தது. 4ஆம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா செய்த கோதிக் மொழிபெயர்ப்பில் இந்த மாற்றத்தைப் பாதிவழியில் காணலாம். ஒருமையில் ‘குத்’ ஆண்பால் அடைகளோடு வருகிறது. ஆனால் ஆண்பாலுக்கு உரிய ஈற்று ‘ஸ்’ அதில் ஒட்டவில்லை. பன்மையான ‘குதா’ நபுஞ்சகமாகவே நிற்கிறது. நார்ஸில் உயிரொலியே பிரிந்தது: பழைய தெய்வங்களுக்குப் பெரும்பாலும் ‘கொத்’, கிறிஸ்தவக் கடவுளுக்குக் ‘குத்’. மதபோதகர்கள் ‘தீர்’ போன்ற பெயர்களை விட்டு இச்சொல்லை ஏற்றதற்கு, அது எந்தத் தனித்தெய்வத்தின் முகத்தையும் சுமக்காததே காரணம் என்று பலர் கருதுகிறார்கள். தரங்கம்பாடியின் ஜெர்மன் போதகர்கள் 18ஆம் நூற்றாண்டில் ‘கொட்’ என்பதைத் தமிழாக்கச் சர்வேசுரன், பராபரன் என்று தேடியபோது சந்தித்த இக்கட்டும் ஏறத்தாழ இதுவே.

கிளைச்சொற்கள் இன்னும் பழைய அடுக்கைக் காட்டுகின்றன. கோதிக்கில் பூசாரிக்குக் ‘குதியா’ என்று பெயர். நார்வேயின் நோர்ட்ஹூக்லோ தீவில் கிடைத்த ரூனிக் கல் ஒன்றில், ஏறத்தாழ கி.பி. 400இல், ஒருவர் தம்மை அதே பட்டத்தால் குறிப்பிடுகிறார். ஐஸ்லாந்தில் அது ஊர்த்தலைவரின் பதவிப்பெயராயிற்று. ஆங்கிலத்தில் இன்று தலைசுற்றலைக் குறிக்கும் ‘கிடி’ என்ற எளிய சொல்லும் இந்தக் குடும்பம்தான். பழைய ஆங்கிலத்தில் அது பித்துப்பிடித்தவரைச் சொன்னது. அதற்கும் முன்னே ‘சாமி வந்தவர்’. தெய்வம் ஆளின்மேல் வந்து இறங்குவதோடும் சொல் தொடர்புபட்டிருந்தது என்பதை இந்தக் கிளை உணர்த்துகிறது.

திறந்திருப்பவை

இரு விடைகளும் சண்டையிடும் சத்தத்தில் அவை ஒத்துப்போகும் இடம் கவனிக்கப்படாமல் போகிறது. ‘தேவ’ தெய்வத்தை அதன் ஒளியால் பெயரிடுகிறது. ஸ்லாவியரின் ‘போக்’, நமக்குப் ‘பகவான்’ வழியாகத் தெரிந்த ‘பக’ என்பதன் உறவு. அது தெய்வத்தை அது பகிர்ந்தளிக்கும் செல்வத்தோடு சேர்க்கிறது. ஜெர்மானியச் சொல்லோ, அழைப்பு என்றாலும் வார்ப்பு என்றாலும், மனிதர் செய்யும் செயலால் தெய்வத்துக்குப் பெயர் வைக்கிறது. செயப்பாட்டு விகுதியும் நபுஞ்சகப் பாலும் இதற்கு உறுதியான ஆதாரம். வேரைப் பற்றிய எந்த முடிவையும்விட இதுவே பெரிய செய்தி என்று கருதுகிறேன்.

வேரைப் பொறுத்தவரை, ஜெர்மானியத்தில் உயிரோடிருக்கும் வினை, தடையில்லாத குறில், ‘ஆஹுத’ என்ற இணை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் தட்டு வார்ப்பின் பக்கம் சற்றுத் தாழ்கிறது. ‘சற்று’ என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். திபோவின் குறுக்கம் ஜெர்மானியத்தில் எந்தச் சூழலில் செல்லும் என்பது தெளிவானால் இந்தச் சாய்வு மறையலாம். அழைத்தல் வினையின் ஐயமற்ற இன்னொரு கிளை ஜெர்மானியத்தில் கிடைத்தாலும் அப்படியே.

கல்வெட்டுகள் உதவுமா? நார்வேயில் கண்டெடுத்து 2023இல் அறிவிக்கப்பட்ட ஸ்விங்கெரூத் கல், ரூனிக் கல்வெட்டுகளைக் கி.பி. 1க்கும் 250க்கும் இடைப்பட்ட காலம் வரை பின்னுக்குக் கொண்டுபோயிருக்கிறது. அதே ஆண்டு டென்மார்க்கின் விண்டெலெவ் பொற்பதக்கத்தில் ஓடினின் பெயர் 5ஆம் நூற்றாண்டிலேயே இருப்பதாகப் படித்தார்கள். ஆனால் நம் சொல் உருவானது அதற்கும் பல நூற்றாண்டு முன்னே, எழுத்தே இல்லாத காலத்தில். அந்தக் காலத்துக்கு நம்மிடம் உள்ளவை உறவுமொழிகளும் ஒலிவிதிகளும் மட்டுமே. வழக்கு நகர வேண்டுமானால் அங்கிருந்துதான் நகரவேண்டும்.